ஹீட்டர் போதாத வீட்டில் மீன்தொட்டியின் பனிக்காலம்

வெப்பமண்டல மீனால் தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. தண்ணீரின் வெப்பம்தான் அதன் உடலின் வெப்பம். தண்ணீர் 28 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது செரிமானமும் மூச்சும் நோய் எதிர்ப்பும் நடக்கிற வேகம், 18 டிகிரிக்கு இறங்கும்போது ஏறக்குறைய பாதியாகிவிடும். மீன் உடனே செத்துவிடுவதில்லை. நீந்துவது குறையும், தீனி எடுக்காது, தொட்டியின் அடியில் ஒதுங்கி நிற்கும். சில நாளில் உடலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். பனிக்காலத்தில் சாகும் வளர்ப்பு மீன்களில் பெரும்பாலானவை இப்படிப் படிப்படியாகவே பலவீனப்படுகின்றன. எனவே, காப்பாற்றுவதற்கு அவகாசம் இருக்கிறது.

வேலம்பாளையத்தின் பனி

திருப்பூருக்கு வடமேற்கே தனி நகராட்சியாக இருந்து, 2011இல் மாநகராட்சியோடு இணைந்த 15 வேலம்பாளையம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. கார்த்திகைக் கடைசியில் தொடங்கும் குளிர் மார்கழி, தை மாதங்களில் முற்றி, மாசி பாதிவரை நீடிக்கும். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியிருக்கும்; சில நாள் அதற்கும் கீழே போகும். மதியத்திலோ 30 டிகிரி வெயில் அடிக்கும். உறைபனி விழும் ஊட்டியோடு ஒப்பிட்டால் இது குளிரே அல்ல. ஆனால் ஒரே நாளுக்குள் பத்து டிகிரி ஏறி இறங்குவது சிறிய தொட்டிக்குப் பெரிய சோதனை.

வீட்டின் அமைப்பும் இதில் சேர்கிறது. பனியன் கம்பெனித் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் பல சிமென்ட் ஷீட் கூரை போட்டவை. பகலில் அடுப்பாகக் கொதிக்கும் ஷீட், இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை வெகுவிரைவில் இழந்துவிடுகிறது. தார்சு வீட்டுக் கூரை பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து நள்ளிரவு தாண்டியும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். இதனால் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீடுகளின் தொட்டிகள் விடியலில் வெவ்வேறு வெப்பத்தில் இருக்கும். அதிகாலை ஐந்து மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில் தெர்மாமீட்டரைப் பார்த்து, தொட்டிவாரியாகக் குறித்துவைப்பதே முதல் வேலை. மாலையில் பார்க்கும் அளவு ஏமாற்றிவிடும்.

வெப்பம் வெளியேறும் வழிகள்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டிதான் வீடுகளில் பரவலாக இருப்பது. மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 50 லிட்டர் கொள்ளும். இந்தத் தண்ணீரின் வெப்பம் ஒரு டிகிரி உயர 209 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு டிகிரி இறங்கும்போது அவ்வளவு ஆற்றல் வெளியேறியிருக்கும்.

அது மூன்று வழிகளில் வெளியேறுகிறது. முதல் வழி நான்கு பக்கக் கண்ணாடி. கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்திவிடும். இரண்டாவது வழி அடிப்பலகை. இரும்பு ஸ்டாண்டிலோ கடப்பைக் கல் மேலோ தொட்டி நேரடியாக உட்கார்ந்திருந்தால் அந்த வழியாகவும் வெப்பம் இறங்கும். மூன்றாவது வழி திறந்த மேற்பரப்பு. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தண்ணீர் ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தை மீதித் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூடாத தொட்டியில் இரவு முழுக்க 100 மில்லி, அதாவது ஒரு சிறு டம்ளர் அளவு, ஆவியானாலே 50 லிட்டர் தொட்டியின் வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். மார்கழியின் வறண்ட காற்றில், மேலே மின்விசிறியும் சுற்றினால் இழப்பு இன்னும் கூடும்.

அறையின் வெப்பத்தைவிடத் தொட்டி ஆறு டிகிரி கூடுதலாக இருக்க வேண்டுமானால், மூடாத, போர்த்தாத இந்தத் தொட்டிக்குச் சுமார் 35 வாட் வெப்பம் இடைவிடாமல் தேவைப்படும். மேலே மூடி, பக்கங்களில் ஓரங்குலத் தெர்மோகோல், அடியிலும் தெர்மோகோல் என்று அமைத்துவிட்டால் அதே வெப்பநிலைக்கு 10 முதல் 15 வாட் போதும். வேலம்பாளையம் போன்ற ஊரில் ஹீட்டர் பற்றாக்குறைக்குத் தீர்வு இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இங்கே புதிதாக வெப்பம் உண்டாக்குவதைவிட, பகலில் சேர்ந்த வெப்பத்தை விடியும்வரை வெளியே விடாமல் காப்பதுதான் பெரிய வேலை.

தொட்டியின் அளவும் பொருட்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் தண்ணீர் எட்டு மடங்காகும். வெப்பம் வெளியேறும் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். பெரிய தொட்டி மெதுவாகக் குளிர்வதும், மேசைமேல் வைக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் ஓரிரு மணி நேரத்தில் குளிர்ந்துவிடுவதும் இதனால்தான்.

மூடியும் போர்வையும்

முதலில் மூடி. கண்ணாடி, அக்ரிலிக், பாலிகார்பனேட் ஷீட் எதுவானாலும் சரி. அது இல்லாதபோது தடித்த பாலித்தீன் தாளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாலும் போதும். ஒரு மூலையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே இரண்டு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும் பைட்டர், கொராமி வகைகளுக்கு அந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று மிகவும் தேவை.

அடுத்தது அடிப்பகுதி. தொட்டியை வைக்கும்போதே அடியில் அரை அங்குலம் அல்லது ஓரங்குலத் தெர்மோகோல் போட்டுவிட வேண்டும். தண்ணீர் நிறைந்த தொட்டியைப் பிறகு தூக்குவது ஆபத்து, ஒட்டு விட்டுப்போகும்.

பக்கங்களுக்கான பொருளுக்குத் திருப்பூரில் பஞ்சமே இல்லை. ஏற்றுமதி அட்டைப்பெட்டிகளும் கட்டிங் வேஸ்ட்டும் எங்கும் கிடைக்கும். தொட்டியைவிட மூன்றங்குலம் பெரிய அட்டைப்பெட்டியின் மூன்று பக்கங்களைப் பின்புறமும் இருபுறமும் நிறுத்தி, இடைவெளியில் உலர்ந்த பனியன் துணித் துண்டுகளைத் தளர்வாக நிரப்பினால் நல்ல காப்பு கிடைக்கும். அழுத்தி அடைக்கக் கூடாது. வெப்பத்தைத் தடுப்பது துணி இழைகளுக்கு இடையே சிக்கி நிற்கும் காற்றுதான். ஐரோப்பியக் குளிருக்காக இதே ஊரில் தைக்கப்படும் ஃபிளீஸ் ஆடைகள் உடலைக் காப்பதும் இதே முறையில்தான். முன்பக்கத்துக்குத் தனியாக ஒரு தெர்மோகோல் பலகையை வெட்டி வைத்துக்கொண்டு, மாலை இருட்டியதும் சாத்தி, காலையில் எடுத்துவிடலாம். மீன் வரும் தெர்மோகோல் பெட்டிகளை மீன்கடைகளில் கேட்டு வாங்கி அறுத்துப் பயன்படுத்தலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பருத்தித் துணியின் நுனி தண்ணீரைத் தொட்டால் அது திரியாகித் தண்ணீரை வெளியே இழுத்துத் தரையில் விடும். நனைந்த துணி காப்பாகவும் இருக்காது. மேலும், பருத்திக் கழிவு எளிதில் தீப்பிடிக்கும். பிளக், மின்விளக்கு, ஹீட்டர் வயரின் இணைப்பு ஆகியவற்றிலிருந்து அதை நன்றாக விலக்கி வைக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்குக் கம்பெனிக்குப் போய் இரவில் வீடு திரும்பும் குடும்பங்களால் மணிக்கொருமுறை தொட்டியைக் கவனிக்க முடியாது. யாரும் பக்கத்தில் இல்லாமலே மூடியும் போர்வையும் வேலை செய்யும். செலவு குறைந்த இந்த வழியை முதலில் செய்துவிட்டுத்தான் மற்றவற்றை யோசிக்க வேண்டும்.

ஒரு ஹீட்டர், பல தொட்டிகள்

கடைகளில் கிடைக்கும் கண்ணாடிக்குழாய் ஹீட்டர்கள் 25, 50, 100, 200, 300 வாட் அளவுகளில் வருகின்றன. லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுவான கணக்கு. காப்பிட்ட தொட்டிக்கு, வேலம்பாளையத்துக் குளிரில், அதில் பாதியே தாராளம்.

ஹீட்டர் ஒன்றுதான் இருக்கிறது, தொட்டிகள் நான்கு என்றால், அதை மணிக்கணக்கில் மாற்றி மாற்றிப் போடுவது தவறு. ஒவ்வொரு தொட்டியும் ஏறி இறங்கும் வெப்பத்தில் தவிக்கும். மீனை அதிகம் வதைப்பது அந்த ஏற்ற இறக்கம்தான். இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன.

ஒன்று, மீன்களைச் சேர்ப்பது. ஒத்துப்போகும் வகைகளை இரண்டு மாதத்துக்கு ஒரே பெரிய தொட்டியில் விட்டு, ஹீட்டரை அங்கே வைக்கலாம். வெப்பம் அதிகம் வேண்டுபவற்றுக்கு முன்னுரிமை. டிஸ்கஸுக்கு 28 டிகிரிக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். ஃப்ளவர்ஹார்ன், ஏஞ்சல், பைட்டர் ஆகியவற்றுக்கு 25 டிகிரிக்கு மேல் இருப்பது நல்லது. கப்பி, பிளாட்டி, வரிக்குதிரை டானியோ போன்றவை 20 டிகிரியைத் தாங்கிக்கொள்ளும். தங்கமீனும் கோயும் குளிர்நீர் மீன்கள்; அவற்றுக்கு ஹீட்டரே வேண்டாம்.

மற்றொன்று, நீர்த்தட்டு முறை. பைட்டர்களைத் தனித்தனி ஜாடிகளில் வளர்ப்பவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. அகலமான தொட்டியிலோ பிளாஸ்டிக் டப்பிலோ தண்ணீர் நிரப்பி, ஒரு ஹீட்டரையும் தண்ணீரைச் சுழற்ற ஒரு சிறிய மோட்டாரையும் போட்டு, ஜாடிகளை அதற்குள் இறக்கி வைக்க வேண்டும். ஜாடிக்கு உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஏறக்குறைய சமமாக இருந்தால் வெப்பம் எல்லா ஜாடிகளுக்கும் சீராகப் போகும். ஒரு ஜாடியின் தண்ணீர் இன்னொன்றில் கலக்காததால் நோயும் பரவாது. டப்பைச் சுற்றிலும் தெர்மோகோல் வைத்து, மேலே பாலித்தீன் மூடிவிட்டால் 100 வாட் ஹீட்டர் ஒன்றே பல ஜாடிகளைக் காப்பாற்றும்.

தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் ஃபில்டர் மோட்டாரும் ஒரு சிறு ஹீட்டர்தான். அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகித் தண்ணீரிலேயே சேர்கிறது. 15 வாட் மோட்டார் ஓடும் காப்பிட்ட தொட்டிக்குப் பல இரவுகளில் வேறு வெப்பமே தேவைப்படாது. வெளியே வைக்கும் ஏர் பம்ப் இதற்கு மாறானது. அறையின் குளிர்ந்த காற்றைத் தண்ணீருக்குள் செலுத்தி, ஆவியாதலையும் கூட்டுகிறது. மீன் நெருக்கம் இல்லாத தொட்டியில் இரவில் குமிழிகளைக் குறைத்து வைக்கலாம், நிறுத்திவிடக் கூடாது.

வெந்நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும்

ஹீட்டரே இல்லாதபோது உதவுவது வெந்நீர் பாட்டில். 60 டிகிரி சூடுள்ள ஒரு லிட்டர் நீரை மூடி இறுகிய பாட்டிலில் அடைத்து, 22 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தொட்டியில் மிதக்கவிட்டால், அந்த வெப்பம் முழுவதும் இறங்கும்போது தொட்டி முக்கால் டிகிரி உயரும். இரண்டு லிட்டர் பாட்டில் என்றால் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. இந்த மெதுவான ஏற்றம்தான் மீனுக்கு நல்லது. இரவு படுக்கும்முன் ஒருமுறை, அதிகாலையில் ஒருமுறை வைத்தால் விடியலின் இறக்கத்தைத் தடுத்துவிடலாம். கொதிக்கும் நீரைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றினால் அது சுருங்கி நெளிந்துவிடும். எவர்சில்வர் பாட்டில் என்றால் வெப்பத்தை வேகமாக விடும் என்பதால், மீன் ஒட்டி நிற்காதபடி ஒரு மூலையில் வைக்க வேண்டும். பாட்டில் இடம்பிடிக்கும் அளவுக்கு முன்னரே தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் வழியாது. வெந்நீரை நேராகத் தொட்டியில் ஊற்றுவது கூடாது. ஊற்றும் இடத்தில் நிற்கும் மீன் வெந்துவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் இயற்கை தரும் வெந்நீர். நிலத்தடி நீர், அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். கொங்கு நாட்டில் மார்கழிக் காலையில் போர்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவது இதனால்தான். அதே நேரத்தில் மொட்டை மாடி டேங்க்கின் தண்ணீர் சில்லென்றிருக்கும். பனிக்காலத்தில் தண்ணீர் மாற்றுவதானால் டேங்க் நீர் வெயிலில் சூடேறிய மதியத்துக்குப் பிறகு மாற்ற வேண்டும். அல்லது அப்போதே இறைத்த போர்த் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம்.

போர்த் தண்ணீரில் கவனம் தேவை. நொய்யல் படுகையில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். டிடிஎஸ் மீட்டரால் அளந்து பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். மாலி, கப்பி ஓரளவு உப்பைத் தாங்கும்; டிஸ்கஸ், டெட்ரா வகைகள் தாங்கா. நிலத்தடி நீரில் ஆக்சிஜனும் குறைவு. வாளியில் பிடித்துச் சற்றுநேரம் காற்றுக் குமிழி விட்ட பிறகே ஊற்ற வேண்டும்.

இதே உத்தியை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அலங்கார மீன் பண்ணையாளர்கள் பெரிய அளவில் கையாள்கிறார்கள். தாம்பா நகரை ஒட்டிய மண் குளங்களில் வெப்பமண்டல மீன்களை வளர்க்கும் அவர்கள், குளிர் அலை வரும்போது குளங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, வெதுவெதுப்பான நிலத்தடி நீரை இடைவிடாமல் பாய்ச்சுகிறார்கள். 2010 ஜனவரியில் பல நாள் நீடித்த கடுங்குளிர் அங்கே ஏராளமான மீன்களைக் கொன்றது. குளிரின் ஆழத்தைப் போலவே அது எத்தனை நாள் நீடிக்கிறது என்பதும் முக்கியம் என்பதை அந்த இழப்பு காட்டியது.

மின்சாரம் நின்ற இரவில்

ஹீட்டர் போதுமான அளவு இருந்தாலும் மின்வெட்டு அவற்றை வீணாக்கிவிடும். 2012இல் தமிழகத்தின் பல மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட மின்வெட்டைச் சந்தித்தன. திருப்பூரின் தறிகளும் தையல் எந்திரங்களும் நின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பராமரிப்புக்காக இப்போது அறிவிக்கப்படும் மின்தடை பெரும்பாலும் பகலில் என்பதால் வெப்பத்துக்கு ஆபத்தில்லை. இரவு மின்தடைதான் கவலைக்குரியது.

அப்போது வரிசை முக்கியம். முதலில் மூச்சு, பிறகு வெப்பம். ஃபில்டரும் ஏர் பம்பும் நின்ற நெரிசலான தொட்டியில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வெப்பமோ மெதுவாகவே இறங்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது, கூடுதல் ஹீட்டர் இருப்பதைவிட நல்லது. ஒரு ஆறுதலும் உண்டு. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைதான். குளிர்ந்த நீரில் மீனின் தேவையும் குறைவு. தொட்டியைப் போர்த்தி, விளக்கை அணைத்து, தீனி போடாமல் விட்டால் ஓரிரவைத் தாண்டிவிடலாம்.

செய்யக் கூடாதவை

மூடிய அறையில் கரி அடுப்போ கணப்போ மூட்டி அறையைச் சூடாக்குவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர்கள் எழாமலே போய்விடுவார்கள். தண்ணீர் காய்ச்சும் இம்மர்ஷன் ராடைத் தொட்டியில் போடுவதும் அவ்வளவே ஆபத்தானது. அது 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் அதில் இல்லை. மீனும் வேகும், கை வைப்பவருக்கும் ஷாக் அடிக்கும்.

மின்சாரத்துக்குச் சில விதிகள் உண்டு. கை தண்ணீரில் இறங்கும்முன் ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும். அணைத்துக் கால் மணி நேரம் கழித்தே அதை வெளியே எடுக்க வேண்டும்; சூடான கண்ணாடிக்குழாய் காற்றுப் பட்டால் விரிசல் விடும். தொட்டியிலிருந்து வரும் வயர் பிளக்கைவிடக் கீழே தொங்கி, பிறகு மேலேறிச் செல்லட்டும். அப்போதுதான் வயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருப்பது அவசியம்.

தீவனம், வடிகட்டி, நோய்

குளிரில் செரிமானம் மந்தமாகும். தண்ணீர் 22 டிகிரிக்குக் கீழே இருக்கும் நாட்களில் வழக்கமான தீனியில் பாதியை, மதிய வேளையில் ஒருமுறை மட்டும் போட்டால் போதும். தின்னாமல் கிடக்கும் தீனி அழுகி அம்மோனியாவாகும். அதை மாற்றும் நுண்ணுயிரிகளும் வடிகட்டியில் குளிரால் மெதுவாகவே வேலை செய்கின்றன. பனிக்காலத்தில் தொட்டி கலங்குவதற்கு அதிகத் தீனிதான் பெரும்பாலும் காரணம்.

பருவத்தின் பொது நோய் வெண்புள்ளி. உடலிலும் துடுப்பிலும் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். மீன் கற்களில் உரசிக்கொள்ளும். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணி 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கும். 10 டிகிரியில் அதற்கு ஒரு மாதத்துக்கும் மேலாகும். மீன் தோலுக்குள்ளே இருக்கும்போது மருந்து அதை எட்டாது. தண்ணீரில் நீந்தும் கட்டத்தில் மட்டுமே கொல்ல முடியும். வெப்பத்தைக் கூட்டினால் அந்தக் கட்டம் விரைவில் வரும். எனவே இருக்கும் ஒரே ஹீட்டரை நோய் கண்ட தொட்டிக்கே கொடுத்து, நாளுக்கு இரண்டு டிகிரிக்கு மேல் போகாமல் 30 வரை உயர்த்தி, அயோடின் சேராத கல்லுப்பை லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் அளவில் கரைத்து விட வேண்டும். வெப்பம் ஏறும்போது ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றுக் குமிழிகளைக் கூட்ட வேண்டும். டிஸ்கஸ் போன்றவை இந்தச் சூட்டைத் தாங்கும்; தங்கமீனுக்கு இது ஆகாது. கெளுத்தி வகைகள் உப்பை அதிகம் தாங்காதவை. அவற்றுக்கு உப்பின் அளவைக் குறைக்க வேண்டும்.

குளிரில் விறைத்துக் கிடக்கும் மீனையும் அவசரமாகச் சூடேற்றக் கூடாது. மணிக்கு ஒரு டிகிரி என்ற வேகத்துக்குள் உயர்த்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். கடையிலிருந்து வாங்கிவந்த மீனைப் பாலித்தீன் பையோடு தொட்டியில் 20 முதல் 30 நிமிடம் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்துவிட வேண்டும்.

ஊருக்கேற்ற மீன்

ஹீட்டர் வாங்க வசதி இல்லாதவர்களும் மீன் வளர்க்கலாம். ஊரின் தட்பவெப்பத்துக்கு ஒத்துவரும் மீனைத் தேர்ந்தெடுத்தால் போதும். கப்பி, பிளாட்டி, டானியோ ஆகியவை வேலம்பாளையத்துக் குளிரை, மூடிய தொட்டியில் ஹீட்டர் இன்றியே தாண்டிவிடும். கேரளத்தின் மலையோடைகளுக்கு உரிய மிஸ் கேரளா மீன் குளிர்ந்த, ஓடும் நீரையே விரும்புவது. அதற்குக் குளிரைவிடச் சித்திரை வெயில்தான் எதிரி. டிஸ்கஸ், ஃப்ளவர்ஹார்ன் வாங்க நினைப்பவர்கள் மீனுக்கு முன்னால் தெர்மாமீட்டர், ஹீட்டர், மூடி மூன்றையும் வாங்கிவிட வேண்டும்.

தயாரிப்பு ஐப்பசியிலேயே தொடங்குவது நல்லது. மூடியின் விரிசலைச் சரிசெய்வது, தெர்மோகோலை அளந்து வெட்டுவது, போன ஆண்டு ஹீட்டரை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுத் தெர்மோஸ்டாட் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது, பலவீனமான மீன்களைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது ஆகியவற்றை முதல் பனி விழும்முன் முடித்துவிட வேண்டும். மாசி கழிந்து, விடியல் வெப்பம் தொடர்ந்து ஒரு வாரம் 24 டிகிரிக்குக் குறையாமல் நின்றால் போர்வையைக் கழற்றலாம். ஒரே நாளில் எல்லாப் பக்கத்தையும் பிரிக்காமல், முதலில் முன்பக்கம், பிறகு இருபுறம் என்று விலக்கினால் மீன்கள் கோடைக்குப் பழகிக்கொள்ளும்.